பிஎஸ்ஏ டெஸ்ட்: அயனாவரத்துச் சின்ன லேபும் ஓர் அரைத்தாளும்

பொங்கல் முடிந்த வாரம் அப்பாவுக்கு மாஸ்டர் செக்கப் புக் செய்தேன். அவருக்கு 67 வயது. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், இன்றைக்கும் அயனாவரத்திலிருந்து வில்லிவாக்கம் மார்க்கெட்டுக்கு சைக்கிளில் போய்த்தான் காய் வாங்குவார். சுகர் கிடையாது, பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரை. அம்மா போன பிறகு தன் உடம்பைப் பற்றி வாயே திறப்பதில்லை, கேட்டால் "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அதனால்தான் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகும் ஒரு பெரிய கம்பெனி, அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கென்று ஒரு பேக்கேஜ் போட்டிருந்ததைப் பார்த்ததும் யோசிக்காமல் பணம் கட்டினேன். 2,499 ரூபாய், எண்பது சொச்சம் டெஸ்ட். பட்டியலின் கடைசியில் பிஎஸ்ஏ என்று ஒன்று இருந்தது. அது என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

காலை ஆறரைக்கு வருவதாகச் சொல்லி ஆறு இருபதுக்கே பையன் வந்துவிட்டான், அதில் ஒரு குறையும் இல்லை. கையுறை போட்டான், ஊசிக் கவரைக் கண் முன்னாலேயே பிரித்தான், ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. நாலு குழாய் ரத்தம். "ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டான், அவ்வளவுதான் கேள்வி. அஞ்சு நிமிஷத்தில் எல்லாவற்றையும் பையில் போட்டு, அடுத்த வீடு பாடி, அப்புறம் அம்பத்தூர் என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டே கீழே இறங்கிவிட்டான். அவன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. விடிவதற்குள் பத்து வீட்டு மாடி ஏறி இறங்குகிற பிள்ளை, கேட்கச் சொல்லிக் கொடுத்ததைத்தான் கேட்பான்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது, 22 பக்கம். அண்ணா நகர் ரவுண்டானா பக்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே திறந்து பார்த்தேன். கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் எல்லாம் பச்சையில். பதினேழாவது பக்கத்தில் மட்டும் சிவப்பில், தடித்த எழுத்தில், பிஎஸ்ஏ 7.8. பக்கத்தில், 4-க்குள் இருக்க வேண்டும். கீழே பொடி எழுத்தில் நோயாளியின் அறிகுறிகளோடு பொருத்திப் பார்க்கவும் என்று ஒரு வரி. யார் பொருத்திப் பார்ப்பது, எந்த அறிகுறியோடு? போனில் தேடினால் முதலில் வந்து நிற்கிற வார்த்தை கேன்சர். பஸ்ஸில் அத்தனை கூட்டத்திலும் காது அடைத்துப்போனது எனக்கு.

கம்பெனியின் கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டேன். ரிப்போர்ட்டை விளக்கிச் சொல்லும் ஆலோசகர் பேக்கேஜிலேயே உண்டு என்று போட்டிருந்தார்கள். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் எழுதி வைத்ததை வாசிக்கிறார் என்று ரெண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்தது. உப்பைக் குறையுங்கள், நடங்கள், தண்ணீர் குடியுங்கள். 7.8 என்றால் என்ன என்று நான் மறுபடி மறுபடி கேட்டதும், "அது புராஸ்டேட் கேன்சர் மார்க்கர் மேடம், டாக்டரைப் பாருங்க" என்றார். அடுத்த மூச்சில், முழு கேன்சர் பேக்கேஜ் ஒன்று இருக்கிறது, இன்றைக்கே புக் செய்தால் தள்ளுபடி என்றார். பயத்தில் இருக்கும் ஒருத்தியிடம் இப்படி விற்கக் கூடாது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு நிமிஷமும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்தால் அப்பா இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். புக் செய்யும்போது அவர் நம்பரையும் கொடுத்திருந்தேன், ரிப்போர்ட் அவருக்கும் போயிருக்கிறது. பக்கத்து வீட்டில் காட்டியிருக்கிறார், அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் "அடையாறுல போய்க் காட்டிடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அங்கே 1954-இல் தொடங்கிய கேன்சர் இன்ஸ்டிடியூட் எத்தனையோ குடும்பங்களைக் கைதூக்கிவிட்ட இடம், அதன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் என் தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் "அடையாறு" என்றால் ஊர்ப் பெயர் இல்லை, நோயின் பெயர். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை, அதற்கடுத்த ரெண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மூன்று ராத்திரியில் நான் படித்ததையும், பிறகு டாக்டர் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். ரிப்போர்ட்டின் 22 பக்கத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் எங்களுக்கு அந்த மூன்று ராத்திரி மிஞ்சியிருக்கும்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அதன் செல்கள் சுரக்கும் ஒரு புரதம்தான் பிஎஸ்ஏ, முழுப் பெயர் புராஸ்டேட் ஸ்பெசிஃபிக் ஆன்டிஜென். இதைக் கேன்சரோடு சேர்த்தே எல்லோரும் பேசுகிறோம், ஆனால் இதற்கென்று உடம்பில் ஒரு நல்ல வேலை இருக்கிறது. விந்து வெளியேறியதும் கூழாகக் கட்டிக்கொள்ளும், அந்தக் கட்டுக்குக் காரணமான புரதத்தை வெட்டி நீர்க்க வைப்பது பிஎஸ்ஏதான், அப்போதுதான் உயிரணுக்கள் நீந்திப் போக முடியும். ஆரோக்கியமான எந்த ஆணிடமும் இது உண்டு. விந்தில் இருக்கும் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு. சுரப்பிக்குள் இருக்க வேண்டியது, கொஞ்சூண்டு ரத்தத்தில் கசிகிறது, அந்தக் கசிவைத்தான் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று லேப் அளந்து சொல்கிறது.

நம் வீட்டுச் சுவரில் ஈரம் பூத்தால் எங்கேயோ தண்ணீர் கசிகிறது என்று தெரியும். மாடித் தொட்டியா, பாத்ரூம் பைப்பா, மழைநீரா என்று ஈரம் சொல்லாது. பிஎஸ்ஏ அந்த மாதிரி. கேன்சர் வந்தால் சுரப்பியின் கட்டமைப்பு குலைந்து ரத்தத்தில் அதிகம் கசியும், அது உண்மை. வயதானால் சாதாரணமாகவே சுரப்பி வீங்கும், அதிலும் ஏறும். இன்ஃபெக்‌ஷன் வந்தால் ஏறும், சில சமயம் ரொம்பவே ஏறும். யூரின் அடைத்து டியூப் போட்டாலும் ஏறும். பெயரில் இருக்கிற 'ஸ்பெசிஃபிக்' என்ற சொல் புராஸ்டேட்டைக் குறிக்கிறது, கேன்சரைக் குறிக்கவில்லை. அந்த கஸ்டமர் கேர் பெண்ணுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

4-லிருந்து 10 வரை எண் வந்தவர்களுக்குத் திசு எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் கேன்சர் இருக்கிறது, மூன்று பேருக்கு இல்லை. இன்னொரு பக்கமும் உண்டு. 4-க்குக் கீழே இருக்கும் ஆண்களுக்கும் திசு எடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2004-இல் வெளியானது, அதில் சுமார் 15 சதவீதம் பேருக்குக் கேன்சர் இருந்தது. ஆக பச்சையில் வந்ததாலேயே நிம்மதியும் இல்லை, சிவப்பில் வந்ததாலேயே முடிவும் இல்லை. 1979-இல் அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் கேன்சர் ஆராய்ச்சி மையத்தில் இந்தப் புரதத்தைச் சுரப்பியிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1986-இல் இந்த டெஸ்ட்டுக்கு அந்த நாட்டு அரசு முதலில் அனுமதி கொடுத்தது எதற்கென்றால், ஏற்கனவே கேன்சர் என்று தெரிந்தவர்களுக்கு நோய் எப்படிப் போகிறது என்று கண்காணிக்க. நோய் தெரியாதவர்களிடம் தேடுவதற்கு 1994-இல்தான் அனுமதி வந்தது, அதுவும் டாக்டர் விரலால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையோடு சேர்த்து. இன்றைக்கு அது எண்பது டெஸ்ட் பேக்கேஜின் கடைசி வரியில், தொட்டுப் பார்க்க யாரும் இல்லாமல் வருகிறது.

நாலாவது நாள் கீழ்ப்பாக்கத்தில் ஒரு யூராலஜிஸ்ட்டைப் பார்த்தோம். ஐம்பது வருஷமாக இதே வேலை செய்கிற மாதிரி நிதானம். 22 பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து, "சமீபத்துல ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல் இருந்துதா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். டாக்டர் புரிந்துகொண்டு, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்றார். பத்து நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, பொங்கலுக்கு முன்னாடியிருந்தே எரிச்சல், ரெண்டு ராத்திரி குளிர் ஜுரம், யாரிடமும் சொல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மூன்று நாள் மாத்திரை போட்டிருக்கிறார். "உங்கிட்ட எப்படிம்மா சொல்றது" என்றார் ஆட்டோவில் வரும்போது. பெற்ற பெண்ணிடம் சொல்லக் கூச்சப்படுகிற மனிதர், ஊசியோடு வந்த பையன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவனிடம் சொல்லியிருப்பார். ரத்தத்தை எடுக்காமலே திருப்பி அனுப்பியிருக்கலாம், ரெண்டு மாசம் கழித்து வருகிறோம் என்று.

விரலால் தொட்டுப் பார்த்ததில் சுரப்பி வீங்கியிருக்கிறது, ஆனால் மெத்தென்று இருக்கிறது, கட்டியோ கடினமான முடிச்சோ இல்லை என்றார் டாக்டர். யூரின் கல்ச்சர் எடுத்ததில் கிருமி வளர்ந்தது. முழு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். "இன்ஃபெக்‌ஷன் அடங்கினாலும் இந்த எண் உடனே இறங்காது, ஆறிலேர்ந்து எட்டு வாரம் விட்டுட்டுப் பாருங்க, கூடவே ஃப்ரீ பிஎஸ்ஏவும் எடுங்க." எம்ஆர்ஐ இப்போது வேண்டாம், பயாப்ஸி, அதாவது ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது என்ற பேச்சே இப்போது வேண்டாம். ஃபீஸ் 700 ரூபாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பா ரசம் சோறு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சரி, இனிமேல்தான் நான் பாராட்ட வந்த இடம்.

மார்ச் கடைசியில் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு சின்ன லேப் இருக்கிறது, ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில். பத்து வருஷமாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட உள்ளே நுழைந்ததில்லை. முதல் நாள் விலை கேட்கப் போனேன். கவுண்டரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, அவரேதான் ரத்தமும் எடுப்பவர். பிஎஸ்ஏ என்று சொன்னதும் விலையைச் சொல்லாமல் டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். ஏ4 தாளைக் குறுக்கே கிழித்த அரைத்தாள், ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது. தமிழில் ஆறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று ரெண்டு கட்டம். "இதை அப்பாகிட்ட கொடுத்துடும்மா, அவரே டிக் பண்ணி மடிச்சு எடுத்துட்டு வரட்டும், நீ பாக்க வேணாம்" என்றார்.

நான் வெறும் தாளைத்தான் படித்தேன், அப்பா நிரப்பியதை இன்றுவரை பார்க்கவில்லை. கடந்த எட்டு வாரத்தில் சிறுநீரில் எரிச்சல், ஜுரம் உண்டா. யூரின் அடைத்து டியூப் போட்டார்களா. கேமரா விட்டோ, ஊசியால் திசு எடுத்தோ புராஸ்டேட்டில் ஏதாவது செய்தார்களா. சிறுநீர்த் தொந்தரவுக்கோ முடி உதிர்வதற்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பெயர் தெரியாவிட்டால் அட்டையைக் கொண்டு வரவும். கடந்த ரெண்டு நாளில் சைக்கிள், பைக்கில் நெடுந்தூரம், கடுமையான உடற்பயிற்சி. கடைசிக் கேள்வி, கடந்த ரெண்டு நாளில் தாம்பத்தியம் அல்லது விந்து வெளியேற்றம். அப்பா வயது ஆட்களிடம் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வி அது, ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வியும்கூட, அதனாலும் எண் கொஞ்சம் ஏறும். ஆறுக்கும் கீழே நீல மையில் கையால் ஏழாவது ஒன்று எழுதியிருந்தது, பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. முடிக்கும் நகத்துக்கும் இப்போது நிறையப் பேர் சாப்பிடும் வைட்டமின் அது, சில மெஷின்களில் பிஎஸ்ஏவைக் குறைத்துக் காட்டிவிடுமாம். அச்சடித்த தாள் பழசாகிவிட்டது என்று யாரோ அக்கறையாக உட்கார்ந்து எழுதிச் சேர்த்திருக்கிறார்கள் இல்லையா, அந்த ஒரு வரியிலேயே இந்த லேப் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சைக்கிளால் நிஜமாகவே ஏறுமா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அதையும் அந்த அம்மாவே சொன்னார், "ஆனா ரெண்டு நாள் ஓட்டாம இருந்தா ஒண்ணும் குறைஞ்சுடாதே" என்றார். அப்பா ரெண்டு நாள் மார்க்கெட்டுக்கு நடந்தே போனார்.

ரத்தம் எடுக்கும்போது அப்பாவோடு அவருடைய வாக்கிங் நண்பரும் வந்தார். அதே ஐசிஎஃப், அதே செட். அப்பா கதையைக் கேட்டுவிட்டு, தனக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்தவர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ரெண்டு வருஷமாக யூரின் தொந்தரவுக்கு டுட்டாஸ்டெரைட் சாப்பிடுகிறார். அரைத்தாளில் நாலாவது கட்டத்தை டிக் செய்து, மாத்திரை அட்டையையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவருக்கு ரிப்போர்ட் வந்தது 3.2. பேக்கேஜ் கம்பெனியாக இருந்தால் பச்சையில் போட்டு அனுப்பியிருப்பார்கள். இந்த லேபில் ரிப்போர்ட்டின் அடியிலேயே, இவர் டுட்டாஸ்டெரைட் எடுத்துக்கொள்கிறார், டாக்டரிடம் கட்டாயம் காட்டவும் என்று டைப் செய்து கொடுத்தார்கள். அந்த மாத்திரையும் அதே வகையைச் சேர்ந்த ஃபினாஸ்டெரைடும் ஆறு மாசம், ஒரு வருஷம் சாப்பிட்டால் பிஎஸ்ஏவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். வந்த எண்ணை ரெண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் 6.4.

மாமா அதே கீழ்ப்பாக்கம் டாக்டரிடம் போனார், எம்ஆர்ஐ எடுத்தார்கள், ஓர் இடம் சந்தேகமாக இருந்தது, பயாப்ஸியும் செய்தார்கள். கேன்சர்தான், ஆனால் க்ளீசன் 6, அதாவது திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து மார்க் போடும் முறையில் மிகக் கீழ்ப்படி. உடனே ஆபரேஷன் வேண்டாம், ரேடியேஷன் வேண்டாம், குறிப்பிட்ட இடைவெளியில் பிஎஸ்ஏ, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, மறுபடி பயாப்ஸி என்று கண்காணிப்பிலேயே வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருப்பது சிகிச்சை இல்லாமல் விடுவது என்று மாமி முதலில் அழுதார்கள். சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் கேன்சரைக் கண்காணித்தவர்கள், ஆபரேஷன் செய்தவர்கள், ரேடியேஷன் எடுத்தவர்கள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்து 15 வருஷம் தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. மூன்று கூட்டத்திலுமே அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். டாக்டர் இதைச் சொன்ன பிறகுதான் மாமி தெளிந்தார்கள். ஆபரேஷன் என்றால் யூரின் அடக்க முடியாமல் போவது, தாம்பத்தியம் பாதிப்பது எல்லாம் உண்டு, அதை வேண்டாத நேரத்தில் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

அப்பாவுடையது 4.6 வந்தது. ஃப்ரீ பிஎஸ்ஏ 27 சதவீதம். ரத்தத்தில் பிஎஸ்ஏவில் பெரும்பகுதி வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும், கொஞ்சம் மட்டும் தனியாக. கேன்சரில் தனியாகத் திரிவது குறையும். 4-லிருந்து 10-க்குள் இருப்பவர்களில் அந்தத் தனிப்பங்கு 10 சதவீதத்துக்குக் கீழே போனால் கேன்சர் வாய்ப்பு பாதிக்கும் மேல், 25-ஐத் தாண்டினால் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அப்பா இந்தப் பக்கம். இருந்தாலும் 4.6 முழுசாக 4-க்குள் இல்லை, சுரப்பி வீங்கியிருக்கும் 67 வயது மனிதருக்கு இது எதிர்பார்க்கக் கூடியதுதான், ஆறு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மனசு முழுசாக ஆறவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்து காத்திருக்கிறோம்.

இன்னொரு விஷயமும் இந்த லேபில்தான் தெரிந்துகொண்டேன். ஃப்ரீ பிஎஸ்ஏ சீக்கிரம் சிதைந்துபோகும், ரத்தம் எடுத்த ரெண்டு மூன்று மணி நேரத்துக்குள் சுழற்றி, தெளிந்த நீர்ப் பகுதியான சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்துவிட வேண்டும். அந்த அம்மா ரத்தம் உறையக் காத்திருந்து, அங்கேயே சென்ட்ரிஃப்யூஜில் போட்டு, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார், நான் நின்று பார்த்தேன். ஜனவரியில் வந்த பையன் பையில் அப்பா ரத்தம் எத்தனை மணி நேரம் பாடிக்கும் அம்பத்தூருக்கும் சுற்றியதோ. டோட்டல் பிஎஸ்ஏவை, அதாவது ஒட்டியதும் தனியாகத் திரிவதும் சேர்ந்த மொத்தத்தை, இங்கேயே ஓட்டலாம், ஆனால் டோட்டல் ஒரு மெஷினிலும் ஃப்ரீ இன்னொரு மெஷினிலும் பார்த்தால் சதவீதம் தப்பாகிவிடும் என்று ரெண்டையும் சேர்த்தே ஒரு பெரிய லேபுக்கு அனுப்பினார். கம்பெனிக்குக் கம்பெனி கிட் மாறும், அதே ரத்தத்துக்கே எண் மாறலாம், அதனால் ஜனவரி 7.8-ஐயும் இப்போதைய 4.6-ஐயும் அப்படியே கழித்துப் பார்க்காதீர்கள், இனிமேல் எங்கே எடுத்தாலும் ஒரே இடத்தில் எடுங்கள் என்றும் சொன்னார். தன்னிடமே வாருங்கள் என்று சொல்லவில்லை, எந்த இடமானாலும் ஒரே இடம் என்றுதான் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகிறது, காத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய நேரம். ஆறு நாற்காலிதான், திங்கட்கிழமை காலையில் வாசலில்தான் நிற்க வேண்டும். டாய்லெட் படியேறிப் போகிற இடத்தில் இருக்கிறது, யூரின் தொந்தரவோடு வரும் பெரியவர்களுக்கு அது சரிவராது, நேரிலும் சொல்லிவிட்டு வந்தேன். பைக் நிறுத்த இடமே இல்லை. டோட்டலும் ஃப்ரீயும் சேர்த்து 1,450 ரூபாய், பேக்கேஜ் கணக்கோடு பார்த்தால் விலை கூடத்தான். எனக்கு அது கூடுதலாகத் தெரியவில்லை. பேக்கேஜில் கேட்காமலே கொடுத்த எண்பது டெஸ்ட்டைவிட, கேட்டுவிட்டு எடுத்த ரெண்டு டெஸ்ட் எங்களுக்கு உதவியது.

உங்கள் அப்பாவுக்கோ மாமனாருக்கோ இதை எடுக்கலாமா என்று கேட்டால், எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. சொந்தத்தில் அண்ணன் தம்பி, அப்பா யாருக்காவது இந்தக் கேன்சர் இருந்தால், அல்லது யூரினில் ரத்தம், விடாத முதுகு எலும்பு வலி என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டாக்டரிடம் போங்கள். தொந்தரவே இல்லாதவர்கள் விஷயத்தில்தான் உலகம் முழுக்க வாதம் நடக்கிறது. அமெரிக்கக் குழு ஒன்று 2012-இல் யாருக்கும் வேண்டாம் என்றது, 2018-இல் மாற்றி, 55-லிருந்து 69 வயது வரை டாக்டரிடம் நன்மை தீமை பேசிவிட்டு அவரவர் முடிவு செய்யட்டும், 70-க்கு மேல் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றது. ஐரோப்பாவில் ஒன்றரை லட்சம் ஆண்களுக்கு மேல் சேர்ந்த ஆய்வு, 23 வருஷம் கழித்து 2025-இல் சொன்ன கணக்கு, டெஸ்ட்டுக்கு அழைத்த 456 பேருக்கு ஒரு மரணம் தடுக்கப்பட்டது. அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் அதற்கு விலையே இல்லை. மீதி ஆட்களில் சிலர் தேவையில்லாத பயாப்ஸியும் தேவையில்லாத ஆபரேஷனும் வாங்கியிருப்பார்கள், அதுவும் நம் வீட்டு ஆளாக இருக்கலாம். இந்தப் பேச்சை டாக்டர் முன்னால் உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசிவிட்டு ரத்தம் கொடுங்கள். பேக்கேஜில் தானாக வந்தால், புக் செய்யும்போதே அதை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் போன மாசம் சித்தப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன், மறுப்புச் சொல்லாமல் நீக்கினார்கள்.

பேக்கேஜ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டிருந்தேன், அந்த ஆறு கேள்வியையும் டைப் செய்து, உங்கள் பையன்களிடம் இதைக் கொடுத்தனுப்புங்கள் என்று. நன்றி, உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மறுபடி போடுவேன்.

லேப் காலை ஆறரைக்குத் திறக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை உண்டு. அப்பாவுக்கு அடுத்த டெஸ்ட் செப்டம்பர் கடைசியில், புரட்டாசி பிறந்த பிறகு. சமையல்கட்டு காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார், அதற்கு ரெண்டு நாள் முன்னால் உள்ள கட்டத்தில் பென்சிலால் 'சைக்கிள் வேண்டாம்' என்று எழுதி வைத்திருக்கிறார்.